வெங்கடாசலத்துக்கென்று ஒதுக்கிய கலசம்

ரோசம்மாள் தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று கேட்கும் வரம் ஒன்றே ஒன்றுதான். உலகம் முடிகிற நாளில் வெங்கடாசலம் உயிரோடு இருக்க வேண்டும். கண் தெளிவாகத் தெரிய வேண்டும், காது நன்றாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது இருக்கிற அதே கெட்ட புத்தியோடு இருக்க வேண்டும்.

எதிரி செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் ஈச்சங்காட்டுப்பட்டியில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. முனியப்பன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். எதிரிக்குக் கால் ஒடிந்தால் திருப்தி, மாடு செத்தால் இன்னும் திருப்தி. ரோசம்மாளுக்கு இந்தச் சில்லறைப் பழியில் நம்பிக்கை இல்லை. அவள் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வேதத்தின் கடைசிப் புத்தகத்தை எத்தனை முறை படித்தாளோ, அந்தப் பக்கங்கள் மட்டும் வெற்றிலைபோல மெலிந்துவிட்டன. விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு, கீழே மிஞ்சினவர்கள் மேல் ஏழு கலசம் நிறைய தேவகோபம் ஊற்றப்படும் என்று அதில் இருக்கிறது. புண், ரத்தமாகிற கடல், ரத்தமாகிற ஆறு, சுட்டெரிக்கிற சூரியன், இருட்டு, வற்றிப்போகிற ஐப்பிராத்து நதி, கடைசியில் பூகம்பமும் கல்மழையும். ஏழையும் வெங்கடாசலம் முழுசாக அனுபவிக்க வேண்டும். அதை அவள் மேலேயிருந்து பார்க்க வேண்டும். அதற்குள் அவர் செத்துப்போனால் நஷ்டம். மனம் திருந்திவிட்டால் பெருநஷ்டம்.

அப்படி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நாலு வார்த்தை சொன்னார்.

ரோசம்மாளுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் காடு, காட்டிலேயே வீடு. வீட்டுக்குப் போகிற வண்டித்தடம் வெங்கடாசலத்தின் மரவள்ளிக் காட்டை ஒட்டிப் போகும். கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவடைத்துக் கிடந்த கோடையில், கேட்க ஆள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, தடம் என் பட்டாவில் வருகிறது என்று ஜேசிபி வைத்துக் குறுக்கே பள்ளம் வெட்டிப் போட்டார். அதே மாதம் ரோசம்மாளின் வீட்டுக்காரர் தாவீதுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் பள்ளத்தோடு நின்றுவிட்டது. டிரைவரும் கூட வந்தவரும் ரோசம்மாளுமாகத் தாவீதைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கட்டிலோடு பள்ளத்தைத் தாண்ட முடியாது; மரவள்ளிக் காட்டின் நடுவே போனால் ஆம்புலன்ஸ் கூப்பிடு தூரம். மோட்டார் கொட்டாய் வாசலில் வெங்கடாசலம் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, உள்ள பூந்து போயிக்கிறோமுங்க," என்றாள் ரோசம்மாள்.

"பயிரு மெதிபடும். சுத்திப் போங்க."

ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அரூர் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே தாவீது போய்விட்டார். ரோசம்மாள் மனு கொடுத்துப் பார்த்தாள். அளந்து பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் அவள் வழக்கை மேலே கொண்டுபோனாள், மேலே என்றால் ஆக மேலே.

வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தினமும் செய்தியில் பார்த்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு. ஒரு கையில் சாம்பார்க் கரண்டி, ஒரு கையில் போன். யூடியூபில் வருகிற தீர்க்கதரிசன ஊழியக்காரர்கள் அத்தனை பேரையும் கேட்பாள். கேட்டுவிட்டு, அவர்களுக்கு விவரம் போதாது என்று தானே திருத்திக்கொள்வாள். எருசலேமில் எந்தச் சந்தில் எந்தக் கடை என்பது வரை அவளுக்குத் தெரியும். ஒரு முறை அவள் உரக்க ஜெபித்ததில் ஊரின் செல்போன் டவரே அணைந்து எரிந்தது. நம்பாதவர்கள் டவரைத்தான் கேட்க வேண்டும்.

வடக்கே வெட்டுக்கிளிகள் இறங்கினதாகச் செய்தி வந்தபோது அவை மரவள்ளி இலை தின்னுமா என்று விசாரித்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடியில் கண்டது வெறும் உள்ளூர் வெட்டுக்கிளி என்று அதிகாரிகள் சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், வேதத்தில் சொன்ன வடதிசை ராஜா புறப்பட்டுவிட்டான் என்று கரண்டியை உயர்த்தினாள். கூடச் சமைக்கிற பாஞ்சாலிக்கு வாய் சும்மா இருக்காது.

"ராசா பொறப்பட்டாரு சரி. எண்ணெ வெலைய ஏத்தி வுட்டுட்டுல்ல பொறப்பட்டாரு."

"வெல ஏறும்னும் எழுதியிருக்குது, பாஞ்சாலி. கோதுமைக்குக்கூட எழுதியிருக்குது."

"பாமாயிலுக்கு எழுதியிருக்குதா?"

கடைசி நாளுக்குமுன் எருசலேமில் கட்ட வேண்டிய ஆலயத்துக்குப் பலியாக அமெரிக்காவிலிருந்து சிவப்புக் கிடாரிகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்ற செய்தி வந்த அன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு முட்டை விழுந்தது. அத்தனை சந்தோஷம்.

"செவலக் கெடாரிக்கா ஏரோப்ளேனு?" என்றாள் பாஞ்சாலி. "நம்மூரு சந்தைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓட்டிக்கினு போயி வுட்டிருப்பாங்களே."

"ரெண்டு முடி வேற நெறத்துல இருந்தாக்கூட செல்லாது. அவ்ளோ சுத்தமா இருக்கணும்."

"பொண்ணு பாக்கறவங்க தேவலாம்."

ஒவ்வொரு செய்தியும் உலகத்தைச் சுற்றிவிட்டு வெங்கடாசலத்தின் வாசலில்தான் வந்து நிற்கும். புண் அவருக்கு முதுகில் வர வேண்டும், மல்லாந்து படுக்கக் கூடாது. ஆறு ரத்தமானால் அவருடைய போர்வெல்லும் ரத்தமாக வேண்டும். ஏழாவது கலசத்தின் கல்மழையை அவருடைய புது மாடி வீட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். கல் ஒவ்வொன்றும் சிமெண்ட் மூட்டை கனம். காசாவில் குண்டு விழுகிற படத்தைக் காட்டிக்கொண்டு, நாள் நெருங்கிவிட்டது என்று ஒரு நாள் அவள் சொன்னபோது பாஞ்சாலி சிரிக்கவில்லை.

"அக்கா, அங்க சாவறது யாரோ பெத்த புள்ளைங்கதான?"

கரண்டி நின்றது. சாம்பார் கொதித்துப் பொங்கிற்று. "ஆமா," என்றாள் ரோசம்மாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, "எங்கூட்டுக்காரரையும் யாரோ பெத்ததுதான். கட்டில்ல போட்டுத் தூக்கிக்கினு போனேன்," என்றாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வெங்கடாசலத்துக்குச் சர்க்கரை ஏறிக் கால் புண் சீழ் பிடித்தது. தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பது கஷ்டம் என்று ஊருக்குள் பேச்சு. ரோசம்மாள் பதறிப்போனாள். இப்போது போனால் பூமாலை, பறைமேளம், சொந்தக் காட்டில் அடக்கம், மூன்றாம் நாள் கறிவிருந்து. சிவப்புக் கிடாரி வந்து, ஐப்பிராத்து வற்றத் தொடங்கியதாகச் செய்தியும் வந்து, எல்லாம் தயாரான நேரத்தில் இந்த ஆள் நைசாக நழுவிப் போவதா?

அன்றே உபவாசம் தொடங்கினாள். பச்சைத் தண்ணீர் மட்டும். ஜெபவீட்டில் எல்லார் முன்னும் அழுது, "ஆண்டவரே, வெங்கடாசலத்த எடுத்துக்காதீங்க," என்று மன்றாடினாள். பாஸ்டர் குரு கண் கலங்கினார். சத்துருவை நேசிப்பது என்றால் இதுதான் என்று ஒரு ஞாயிறு முழுக்க அவளை வைத்தே பிரசங்கம் செய்தார். ரோசம்மாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். திருத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் வெங்கடாசலத்தின் மனைவி தீர்த்தம்மாளைப் பிடித்தாள்.

"மாத்திர ஒழுங்கா போடறாரா?"

"எங்கம்மா, கசக்குதுன்னு துப்பிடறாரு."

"துப்புவாரு, துப்புவாரு. மூக்கப் புடிச்சி ஊத்துங்க. சாவறதுக்கு இவருக்கு என்ன அவசரம்?"

தீர்த்தம்மாள் விசும்பினாள். "எங்களால உனக்கு இவ்ளோ ஆயிருக்குது. எங்க சொந்தக்காரங்ககூட வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போறாங்க. நீ வந்து நிக்கறியே, ரோசம்மா."

"அவரு இருக்கணுங்க. எனக்கு அவரு கண்டிப்பா இருக்கணும்," என்றாள் ரோசம்மாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறுவாள். கேழ்வரகுக் கூழ் கொண்டுபோவாள். கால் கட்டைப் பிரித்துப் புண் காய்கிறதா என்று பார்ப்பாள். நர்ஸ் தாமதமாக வந்தால் சண்டை போடுவாள். போரடிக்காமல் இருக்கட்டும் என்று கட்டிலோரம் உட்கார்ந்து, வரப்போகிற ஏழு கலசங்களையும் ஒவ்வொன்றாக வெங்கடாசலத்துக்குச் சொல்வாள். அதுதான் அவள் தனக்குக் கொடுத்துக்கொண்ட ஒரே கூலி. மெதுவாக, ருசித்து, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள்.

"அப்பறம் சூரியன் எறங்கும். தோலு வெந்து உரியும். சாவு வராது."

"ஏம்மா வராது?"

"கேட்டாலும் வராதுங்க. மனுசன் சாவத் தேடி அலைவான், அது ஓடிப்போயிரும்."

"அது இங்கயும் உண்டா? அரூர் சைடுல?"

"அரூருக்கு இல்லாமயா."

அவர் கண் உருள்வதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அன்று மட்டும் நிம்மதியாகத் தூங்குவாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. கலசத்தைப் பற்றிச் சொன்னால் மனிதன் பயப்படுவான் என்று தெரிந்தவளுக்கு, பயந்தவன் என்ன செய்வான் என்று தோன்றவில்லை.

வெங்கடாசலம் பிழைத்து, இரண்டு விரல் குறைந்த காலோடு வீட்டுக்கு வந்தார். வந்த ஞாயிறே கைத்தடி ஊன்றிக்கொண்டு ஜெபவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மறு ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு எழுந்து, "இந்தம்மா செபந்தான் என்னைப் பொழைக்க வெச்சுது. நானும் தண்ணியில முங்கிக்கறேன்," என்றார். ஜெபவீடு முழுவதும் கை தட்டிற்று. ரோசம்மாளுக்குக் கை மேலே எழும்பவில்லை.

ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் வெங்கடாசலமும் மேலே வந்துவிடுவார். கலசம் ஊற்றப்படும்போது அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். ஒருவேளை தாவீதுக்கும் அவளுக்கும் நடுவில்கூட உட்காருவார்.

தடுத்துப் பார்த்தாள். பீடியை விட வேண்டும் என்றாள். கட்டோடு சாக்கடையில் போட்டார். மோதிரம் போடக் கூடாது என்றாள். கழற்றித் தீர்த்தம்மாளிடம் கொடுத்தார். சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைப்பார்கள் என்றாள்.

"அவங்க வெச்சிட்டுப் போறாங்க. கல்லு சிமெண்டு மூட்ட கனம்னு சொன்னியே, அத நெனச்சா தூக்கம் வரல," என்றார் வெங்கடாசலம்.

தீர்த்தம்மாளிடம் போய்ப் பேசினாள். அவள், "இருக்கற சாமிங்களோட இதும் ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும். நீ கொண்டாந்த சாமிதான," என்று காப்பி கொடுத்து அனுப்பினாள்.

கடைசியில் ஜெபவீட்டின் ஒரு வழக்கத்தைத்தான் ரோசம்மாள் பிடித்துக்கொண்டாள். அங்கே ஒப்புரவு ஆகாமல் யாரையும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். யாருக்குத் தீங்கு செய்தாரோ அவருக்கு அதைச் சரிக்கட்டிவிட்டு, சபையின் முன் நின்று தன் வாயால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னதில் பொய் இருந்தால் அந்த முழுக்கு வெறும் குளியல். போன மனுஷன் போனபடியே, அதைவிட மோசமாக, திரும்பி வருவான் என்பது பாஸ்டர் குருவின் போதனை. வெங்கடாசலம் மண்ணை விடமாட்டார் என்று ரோசம்மாள் நம்பியிருந்தாள். அவரோ அதே ஜேசிபியைக் கொண்டுவந்து பள்ளத்தை மூடி, மேலே கிராவல் கொட்டி, முன்பிருந்ததைவிட அகலமாகத் தடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஊரே வந்து பார்த்தது. பாஞ்சாலி ஸ்கூட்டியில் இரண்டு தடவை போய் வந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்பிடி இருக்குது? ரோடு கெடச்சிருக்குது, ஊரு புகழுது."

"ரோட்டுல யாரு வரணும் இனிமே," என்றாள் ரோசம்மாள்.

அந்த ஞாயிறு சாட்சி. ஜெபவீட்டில் உட்கார இடமில்லை. வெங்கடாசலம் மைக்கைப் பிடித்தார். தடத்தை வெட்டினது தப்பு என்றார். அகங்காரம் என்றார். குரல் உடைந்தது. பாஸ்டர் தோளைத் தட்டிக் கொடுத்தார். ரோசம்மாள் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். எல்லாம் கைநழுவிப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"தாவீது செத்த அன்னிக்கி," என்று ஆரம்பித்த வெங்கடாசலம் நின்றார். தொண்டையைச் செருமினார். முதல் வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. "அன்னிக்கி நா ஊர்லயே இல்லிங்க. மஞ்ச மண்டிக்கி அரூர் போயிருந்தேன். ஆம்புலன்சு வந்ததே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா காட்டு நடுவுலயே தூக்கிக்கினு போங்கன்னு சொல்லியிருப்பேன்."

ரோசம்மாள் கண்ணைத் திறந்தாள்.

அன்று கட்டிலைத் தூக்கினவர்களில் இந்த ஊர்க்காரி அவள் ஒருத்திதான். மோட்டார் கொட்டாய் வாசலில் அவர் நின்றதும், சொன்ன நாலு வார்த்தையும் இந்தச் சபையில் வேறு யாருக்கும் தெரியாது; மனிதரில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. பாஸ்டர் அவளைப் பார்த்தார். "சிஸ்டர், உங்களுக்குச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவள் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வெங்கடாசலம் அந்த இடத்திலேயே உடைந்து விழுந்திருப்பார். விழுந்து, உண்மையைச் சொல்லி, நிஜமாகவே மனம் திரும்பி, நிஜமாகவே மேலே போயிருப்பார். அவரைக் காப்பாற்ற அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அது அவள் நாக்கில் இருந்தது.

"ஒண்ணும் இல்லிங்க பாஸ்டர்," என்றாள் ரோசம்மாள். "பிரதர் சொன்னதுல எனக்கு ரொம்ப திருப்தி. ஆமென்."

அவள் சொன்ன ஆமெனில் கூரைத் தகரம் அதிர்ந்து பல்லி விழுந்தது. அதற்குச் சாட்சி பல பேர்.

தென்பெண்ணையில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. வெள்ளை வேட்டி சட்டையோடு பாஸ்டர் குரு அவரை முழுக்கி எடுத்தார். மூச்சுத் திணறிக் கரையேறி வந்த வெங்கடாசலத்துக்கு ரோசம்மாள்தான் துண்டு போர்த்திவிட்டாள். தலையைத் துவட்டிவிட்டாள். அவ்வளவு அன்பாக அவள் தாவீதுக்குக்கூடத் துவட்டிவிட்டதில்லை. மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்க, அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்: தோத்திரப் பாட்டுப் பாடிக்கொண்டு, பெட்டி படுக்கை கட்டிக்கொண்டு காத்திருப்பார், எக்காளம் ஊதும், எல்லாரும் மேலே கிளம்புவார்கள், இவர் மட்டும் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, என்னை விட்டுவிட்டீர்களே என்பார். வெறுமனே அவிசுவாசியாகக் கலசத்தில் நனைவதைவிட இது எவ்வளவோ ருசி. மேலேயிருந்து அவள் சொல்ல வேண்டிய பதிலும் தயார். நாலே வார்த்தை.

அதன் பிறகு இரண்டு பேரும் ஊரில் பெரிய சிநேகிதம். வெங்கடாசலம் காலையில் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே வந்து நின்று, "சிஸ்டர், இன்னிக்கி எப்பிடி, கிட்ட வந்துருச்சிங்களா?" என்பார்.

"வந்துக்கினே இருக்குதுங்க பிரதர். ரெடியா இருங்க."

"நா ரெடிதான்."

பாஞ்சாலி இதைப் பார்த்துப் பார்த்து, "இந்தச் சிரிப்பு எனக்குச் சரியாப் படல, அக்கா," என்றாள்.

ஆனால் ரோசம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது. முன்பெல்லாம் அவர் சாகாமல் இருந்தால் போதும். இப்போது உண்மையைச் சொல்லாமலும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு முதுகில் கண் முளைத்தவள்போல இருப்பாள். பின்னால் கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டால் மடியிலிருக்கும் கஞ்சிராவை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவருக்கோ நாளுக்கு நாள் முகம் வாடிக்கொண்டே வந்தது. தீர்த்தம்மாள் வந்து, "ராவுல எந்திரிச்சி உக்காந்துக்கறாரு. கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு. நீ கொஞ்சம் கேளேன்," என்றாள். "அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க, மாத்திரையக் குடுத்துப் படுக்க வைங்க," என்றாள் ரோசம்மாள்.

இஸ்ரேலும் ஈரானும் ஒன்றின்மேல் ஒன்று ஏவுகணை விட்டுக்கொண்ட ஜூன் மாதம். பாஸ்டர் குரு, சாட்சி சொல்ல யாராவது உண்டா என்றார். கைத்தடி தட்டிற்று. வெங்கடாசலம் எழுந்து நின்றார். கண் சிவந்திருந்தது. மைக்கை வாங்கினார்.

"சபையாருக்கு ஒண்ணு சொல்லணுங்க. தண்ணியில முங்கறதுக்கு முன்னாடி நா இங்க நின்னு..."

ரோசம்மாள் மடியிலிருந்த கஞ்சிராவை எடுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிக்கொண்டே எழுந்து, இருக்கிற பாட்டுகளிலேயே நீளமான பாட்டை எடுத்தாள். பெண்கள் பக்கம் உடனே சேர்ந்துகொண்டது. பரிசுத்த ஆவியில் நிறைந்துவிட்டாள் என்று நினைத்துப் பாஸ்டரும் கை தட்ட ஆரம்பித்தார். கடைசிச் சரணம் முடிந்ததும் அவள் மறுபடி பல்லவிக்குப் போனாள். மூன்றாவது தடவை போனபோது வெங்கடாசலம் மைக்கை வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் அவளைப் பிடித்துவிட்டார்.

"சிஸ்டர், நா ஒண்ணு சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். நெஞ்சுலயே நிக்கிது. அன்னிக்கி மோட்டார் கொட்டாயில..."

"அதெல்லாம் பொறவு சொல்லிக்கலாங்க பிரதர்." ரோசம்மாள் போனைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மொதல்ல இதப் பாருங்க. ஈரான்ல என்ன ஆவுதுன்னு."

வெங்கடாசலம் கண்ணாடியை வேட்டித் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.